ரெண்டு நாழிகை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். மகனுக்கு 12 வயது. இரண்டு வருடமாகப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். கணக்கும் அறிவியலும் பெரும்பாலும் ஆன்லைனில்தான், எனக்கே அல்ஜீப்ரா மறந்துவிட்டது. “நாளெல்லாம் போனைப் பாத்துக்கிட்டு இருக்கான், இதுக்குப் பேரு படிப்பா?” என்கிறார் மாமியார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

க., முத்தியால்பேட்டை

அன்புள்ள க.,

மாமியாரை வெல்லும் பதில் என்னிடம் கிடையாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பில் எனக்குப் பின்னக் கணக்கு புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் சார் என்று கேட்க வெட்கம். வாத்தியார் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார், நான் இன்னும் அங்கேயே நிற்கிறேன். உங்கள் பையனுக்கு அந்த வெட்கம் தேவையில்லை. புரியாத இடத்தில் நிறுத்தலாம், பின்னால் இழுத்துப் பத்துத் தடவை கேட்கலாம். சல்மான் கான் (இந்தி நடிகர் இல்லை, அமெரிக்காவில் இருப்பவர்) 2004ல் வெளியூரில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதுதான் பிற்பாடு இணையத்தில் இலவசமாக வீடியோ பாடம் தரும் கான் அகாடமி ஆனது. அவர் நேரில் சொல்லித்தருவதைவிட வீடியோவே தேவலை என்றார்களாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். காரணம் இதுதான். உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. எல்லாம் தெரிந்த டீச்சராக நடிக்க வேண்டாம், அவன் பக்கத்தில் உட்கார்ந்து அல்ஜீப்ராவை நீங்களும் படிக்கலாம்.

என் தங்கை பையனும் வீட்டில் படித்தவன். கடலில் தண்ணீர் ஏறி இறங்கும் ஏற்றவற்றம் ஏன் வருகிறது என்று ஒரு ஆங்கிலப் பாடத்தை ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்தான். ஏற்றம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும் என்று அதில் சொன்னதை அவன் நம்பவில்லை. ஒரு மூங்கில் கழியில் அங்குலக் கோடு கீறி, கடலூர் முதுநகர் உப்பனாற்றங்கரையில் நட்டுவைத்தான். இரண்டு வாரம் சைக்கிளில் போய் நேரம் குறித்தான். ஒருநாள் 40 நிமிடம், ஒருநாள் ஒரு மணி நேரம் என்று கணக்கு இடித்தது. வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் இவனை வேடிக்கை பார்த்துவிட்டு, “தெனம் ரெண்டு நாழிகை தள்ளும் தம்பி, இதுக்கா கழி நட்ட?” என்றார். நாழிகை என்றால் என்னவென்று பையனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தேடினான். 24 நிமிடம். இரண்டு நாழிகை 48. தன் நோட்டில் இருந்ததைக் கூட்டி வகுத்தபோது கிட்டத்தட்ட அதே எண் வந்தது. அன்று அவன் சாப்பிடவே இல்லை, அவ்வளவு குதூகலம்.

அந்தக் கழி இல்லாமல் வீடியோ மட்டும் என்றால் நானும் உங்கள் மாமியார் கட்சிதான். திரையில் பார்த்ததைக் கையால் தொட்டுப் பார்க்க நேரம் வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை, உங்கள் பையனிடம் பகல் முழுக்க இருக்கிறது. சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள், அதற்கு ஆன்லைன் கிடையாது.

அடுத்து சான்றிதழ். 14 வயது நிரம்பியதும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.-இல், பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தமிழிலும் எழுதலாம். ஒரு பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் 9 வாய்ப்பு. தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டாம். மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் அவர்களுடைய பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இதை மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், பேரன் பரீட்சை எழுதுவான் என்று தெரிந்தால் பாதிக் கோபம் தணியும்.

பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அப்போது பையனோடு ஒருநாள் கடலூர் வாருங்கள். மாமியாரையும் அழைத்து வாருங்கள், நாழிகைக் கணக்கு அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.