ஒப்புக்கொள்கிறார்கள், செய்வதில்லை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு பிளாக்குகள், 240 வீடுகள். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுங்கள் என்று ஒன்றரை வருடமாகச் சொல்லி வருகிறோம். துண்டுப் பிரசுரம், குறும்படம், பிள்ளைகளை வைத்து நாடகம் எல்லாம் ஆயிற்று. கருத்துக்கணிப்பு எடுத்தபோது பத்தில் ஒன்பது பேர் ‘பிரிப்பது அவசியம்’ என்றார்கள். தொட்டியைத் திறந்தால் எல்லாம் கலந்தே கிடக்கிறது. கடைசியாக லிஃப்ட் பக்கத்தில், ‘நம் குடியிருப்பில் 70% வீடுகள் குப்பையைப் பிரிப்பதில்லை. இது நியாயமா?’ என்று பலகை வைத்தோம். அதன் பிறகு நிலைமை இன்னும் மோசம். அபராதம் போடலாம் என்று சங்கத்தில் பேச்சு. சொந்த வீட்டுக்காரர்கள் வாடகைக்காரர்களைக் குறை சொல்கிறார்கள், அவர்கள் இவர்களை. சமூக உளவியல் இதற்கு உதவுமா? உதவினாலும், மக்களை அவர்கள் அறியாமல் ஆட்டிவைப்பது ஆகாதா அது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்தப் பலகையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நீங்கள் கண்டிப்பதாக நினைத்து எழுதியதை, படிப்பவர் தகவலாக எடுத்துக்கொள்கிறார். ‘பெரும்பாலானவர்கள் பிரிப்பதில்லை, நானும் அவர்களில் ஒருவன், இது சகஜம்தான்’ என்று அவருக்குள் பதிகிறது. இதுவரை பிரித்துக்கொண்டிருந்த 30 சதவீதத்தினரோ, தாங்கள் மட்டும் ஏன் மெனக்கெட வேண்டும் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் நடைபாதைகளில் அடையாளமிட்ட மரத்துண்டுகளைப் போட்டு இரண்டு வகை அறிவிப்புகளைச் சோதித்தார்கள். ‘முன்பு வந்த பலர் துண்டுகளை எடுத்துச் சென்றதால் காடு மாறிவிட்டது’ என்று எழுதிய இடத்தில் கிட்டத்தட்ட 8% துண்டுகள் திருடு போயின. ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொன்ன இடத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. உங்கள் லிஃப்ட் பக்கத்தில் நடந்ததும் இதுதான்.

உங்கள் கருத்துக்கணிப்பு பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் வந்திருக்கிறது. ஒரு விஷயத்தைப் பற்றிய மனப்பான்மையும், குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் செய்யும் செயலும் தனித்தனி. சமூகவியலாளர் ரிச்சர்ட் லாப்பியேர், சீனர்கள் மீது பரவலான பாரபட்சம் இருந்த 1930களில் ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்கா முழுக்கப் பயணம் செய்தார். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றே ஒன்றுதான் அவர்களைத் திருப்பி அனுப்பியது. பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை அனுமதிப்பீர்களா என்று கேட்டபோது, பதில் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ‘மாட்டோம்’ என்றார்கள். அங்கே சொல் கடுமையாக இருந்தது, செயல் இளகியது. உங்களிடம் சொல் இளகியிருக்கிறது, செயல் வரவில்லை. ஆகவே இனி கருத்தை விட்டுவிட்டுப் பைகளை எண்ணுங்கள்.

எதையும் தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், குப்பை எடுக்கும் நேரத்தில் ஒவ்வொரு பிளாக்கிலும் மூன்று பைக்கு ஒரு பையைத் திறந்து பாருங்கள். பிளாக்குக்கு 60 வீடு என்றால் ஒரு நாளைக்கு 20 பை, ஆறு நாளில் ஒரு பிளாக்குக்கு மொத்தம் 120 பை. ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் மாறிக் கிடந்தால் ‘கலந்தது’ என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு எண்ணைக் குறிக்க வேண்டாம். குறித்தால் வேவு பார்ப்பதாகச் செய்தி பரவும், அந்த இரண்டு வாரம் மட்டும் எல்லோரும் ஒழுங்காக இருப்பார்கள், உங்கள் கணக்கு கெடும்.

இதோடு சேர்த்து, பிரிக்காத வீடுகளில் பத்துப் பதினைந்து பேரிடமாவது நின்று பேசுங்கள். ‘ஏன் பிரிப்பதில்லை’ என்று கேட்டால் சமாதானம் சொல்வார்கள். ‘நேற்று ராத்திரி குப்பையை எப்படிப் போட்டீர்கள்’ என்று கேளுங்கள். இரண்டாவது தொட்டி வைக்க இடமில்லை, பால் கவர் எதில் சேர்த்தி என்று தெரியவில்லை, வேலைக்கு வருபவரிடம் யாரும் சொல்லவில்லை என்று நிஜமான தடைகள் வெளியே வரும். அநேகமாக இன்னொன்றும் வரும்: ‘நாங்கள் பிரித்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்.’ இது உண்மையா என்று வண்டியின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். உண்மையாக இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள். வீண் என்று கண்ணால் கண்டதைச் செய்யவைக்க எந்த உளவியலாலும் முடியாது, முயல்வதும் தவறு.

தடைகள் தெரிந்த பிறகு திட்டம். உளவியலாளர் ஹோவர்ட் லெவந்தாலும் அவருடைய சகாக்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வில், யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் (ரணஜன்னி) நோய் பற்றி அச்சமூட்டும் பிரசுரத்தைக் கொடுத்தார்கள். அது மனப்பான்மையை நன்றாகவே மாற்றியது. ஆனால் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் 3 சதவீதம்தான். சிலருக்கு மட்டும், மருத்துவ நிலையத்தை வட்டமிட்ட வரைபடம், ஊசி போடும் நேரம், உங்கள் வாரத்தில் எப்போது போக முடியும் என்று யோசிக்கச் சொல்லும் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்துத் தந்தார்கள். அந்தக் குழுவில் 28% பேர் போனார்கள். அந்த நிலையம் எங்கே இருக்கிறது என்பது அவர்கள் எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பதைக் கவனியுங்கள். அதே சமயம், அச்சமூட்டும் பிரசுரம் இல்லாமல் திட்டத்தை மட்டும் பெற்றவர்களில் ஒருவரும் போகவில்லை. எனவே உங்கள் ஒன்றரை வருட உழைப்பு வீணில்லை. அடித்தளம் இருக்கிறது, அதன் மேல் படிகள்தான் கட்டப்படவில்லை.

படிகளைக் கட்டச் சிறந்த இடம் சிறு கூட்டம். இரண்டாம் உலகப்போரின்போது, அமெரிக்கக் குடும்பங்கள் அதுவரை ஒதுக்கிவந்த மாட்டு இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்பு இறைச்சிகளைச் சமைக்கவைக்க உளவியலாளர் கர்ட் லெவின் ஒரு சோதனை நடத்தினார். சில குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு, சமையல் குறிப்பு சகிதம். மற்றவற்றில் பெண்களே தடைகளைப் பேசி, கடைசியில் அடுத்த வாரம் செய்து பார்ப்பவர்கள் கையைத் தூக்கினார்கள். பிறகு விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3% பேரும் பேசி முடிவெடுத்தவர்களில் 32% பேரும் சமைத்திருந்தார்கள். இதில் எந்த அம்சம் வேலை செய்தது என்று 1955இல் எடித் பென்னட் என்ற ஆய்வாளர் பிரித்துப் பார்த்தார். கலந்துரையாடலை விடவும் முக்கியமாக நின்றவை இரண்டு: முடிவெடுத்தது, சுற்றியிருப்பவர்களும் அதே முடிவில் இருக்கிறார்கள் என்று உணர்ந்தது.

ஒரு தளத்திலிருந்து எட்டு முதல் பன்னிரண்டு பேர், 40 நிமிடம் போதும். நடத்துபவர் சங்கச் செயலாளராக இருக்கக் கூடாது. இருந்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். முதல் ஐந்து நிமிடத்துக்கு மேல் அவர் விளக்கம் சொல்லக் கூடாது. பெரும்பாலான கூட்டங்கள் இங்கேதான் கெடுகின்றன, மௌனம் தாங்காமல் சொற்பொழிவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ‘ஒரு வீட்டில் இதைச் செய்யவிடாமல் தடுப்பது எது?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். வரும் தடைகளை எல்லோரும் பார்க்க எழுதி, தீர்வையும் அவர்களிடமே கேளுங்கள். ஏற்கெனவே பிரிக்கும் வீட்டுக்காரர் ஒருவர் அங்கே இருந்தால், பால் கவரை அலசி எங்கே காயப்போடுகிறார் என்று அவர் சொல்லட்டும். அது உங்கள் குறும்படத்தைவிட அதிகம் உதவும். முடிவில், ‘ராத்திரி சமையலறை துடைத்ததும் ஈரக் குப்பையைக் கட்டி வாசலில் வைப்பேன்’ என்பதுபோல எப்போது, எங்கே என்று ஒவ்வொருவரும் ஒரு வரியில் முடிவுசெய்யட்டும். பிறகு கைதூக்கல். தூக்காதவரை யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. கட்டாயத்தை மோப்பம் பிடித்த மனம் எதிர்த்திசையில் போகும்.

இனி பலகை. பெரும்பான்மை உங்கள் பக்கம் இல்லாதபோது பெரும்பான்மை என்று எழுதக் கூடாது, பொய் ஆகிவிடும். மாற்றத்தை எழுதுங்கள்: ‘போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதல் வீடுகள் பிரிக்கத் தொடங்கியிருக்கின்றன’, எண்ணிய கணக்கோடு. உளவியலாளர்கள் கிரெக் ஸ்பார்க்மனும் கிரிகரி வால்டனும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ‘30% பேர் இறைச்சியைக் குறைவாகச் சாப்பிட முயல்கிறார்கள்’ என்று படித்தவர்களில் 17% பேரும், ‘அண்மை ஆண்டுகளில் 30% பேர் அப்படி முயலத் தொடங்கியிருக்கிறார்கள்’ என்று படித்தவர்களில் 34% பேரும் இறைச்சியில்லாத உணவை வாங்கினார்கள். சில சொற்கள்தான் வித்தியாசம். பாதியைத் தாண்டிய பிளாக்கில் பெரும்பான்மையைச் சொல்லலாம். அங்கேயும் ஓர் எச்சரிக்கை: கலிஃபோர்னியாவில் 290 வீடுகளுக்கு அக்கம்பக்கத்து மின்சாரச் சராசரியைத் தெரிவித்தபோது, சராசரிக்கு மேல் செலவழித்தவர்கள் குறைத்தார்கள், கீழே இருந்தவர்கள் கூட்டிவிட்டார்கள். கூடவே ஒரு சிரித்த முகத்தை வரைந்து அனுப்பியபோது அந்தச் சறுக்கல் நின்றது. நன்றாகச் செய்பவர்களைப் பாராட்ட மறக்காதீர்கள்.

அபராதம் வேண்டாம், குறைந்தபட்சம் இப்போதைக்கு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களில் ஆய்வு நடத்தி, ஆறில் மட்டும் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்து வாங்கும் வசதியாக அது மாறிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

சொந்த வீடு, வாடகை வீடு சண்டைக்கு நல்லிணக்கக் கூட்டம் போடாதீர்கள். 1954இல் சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப், ஒரு கோடை முகாமில் போட்டிகளால் பகையாகிப்போன இரண்டு சிறுவர் அணிகளைச் சும்மா ஒன்றாகச் சாப்பிட உட்காரவைத்தபோது உணவை வீசி அடித்துக்கொண்டார்கள். குடிதண்ணீர் நின்றுபோய், எல்லோரும் சேர்ந்தால்தான் சரியாகும் என்ற நிலை வந்தபோதுதான், அதுவும் பலமுறை வந்தபோதுதான், பகை தணிந்தது. பைகளை எண்ணும் குழுவிலும் வண்டியைக் கவனிக்கும் குழுவிலும் இரு தரப்பையும் சம அந்தஸ்தில் கலந்து போடுங்கள். பொறுப்பாளர் பதவி எல்லாம் ஒரே தரப்புக்குப் போனால் பலன் தலைகீழாகும்.

எல்லா பிளாக்கிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். சீட்டுக் குலுக்கி இரண்டைத் தேர்ந்தெடுங்கள், மற்ற இரண்டு ஆறு வாரம் கழித்து. அப்போதுதான் மாற்றம் உங்களால் வந்ததா, புதிய குப்பை வண்டியால் வந்ததா என்று தெரியும். மேலே சொன்ன எண்களை அப்படியே எதிர்பார்க்கவும் வேண்டாம். இத்தகைய முயற்சிகளை அரசுத் துறைகள் பெரிய அளவில் செய்த 126 சோதனைகளைத் தொகுத்தபோது, சராசரி மாற்றம் 1.4 சதவீதப் புள்ளிதான், அதாவது 30% என்பது 31.4% ஆவது போல. ஆய்விதழ்களில் வெளியானவற்றில் அது 8.7. வெற்றி பெற்றவையே அதிகம் அச்சேறுகின்றன என்பது அதற்கு முக்கியக் காரணம். உங்களுக்கு 10 புள்ளி கூடினால் மனதாரச் சந்தோஷப்படுங்கள்.

ஆட்டிவைப்பது ஆகாதா என்ற உங்கள் கேள்வி என்னைத் தொட்டது. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று அந்தப் பலகையிலேயே எழுதி வைக்க உங்களால் முடிய வேண்டும். தடையை நீக்குவது, உண்மையான கணக்கைச் சொல்வது, கூடிப் பேசி முடிவெடுக்க இடம் தருவது எல்லாம் அப்படி எழுதக்கூடியவை. இல்லாத பெரும்பான்மையை இட்டுக்கட்டுவது எழுத முடியாதது. அதைச் செய்யாதீர்கள், சங்கத்தில் யார் வற்புறுத்தினாலும்.

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அதே முறையில் பைகளை எண்ணுங்கள். புதிதாகக் குடிவருபவர்களுக்குச் சாவி கொடுக்கும் நாளிலேயே இரண்டு தொட்டிகளையும் கொடுத்துவிடுங்கள். வீடு மாறிய புதிதில் பழக்கங்கள் தளர்ந்திருக்கும், புதியது எளிதில் ஒட்டும். முதல் இரண்டு வாரக் கணக்கு கையில் வந்ததும் எழுதுங்கள்.