டிராக்டருக்குப் போட்ட பாதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் திராட்சைத் தோட்டங்களின் ஊடே நான்கு நாட்கள் சைக்கிளில் சென்றதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். எனக்கு வயது 57. ஓய்வு பெற்ற பிறகு என் மனைவியும் நானும் அதே வழியில் போய்வரலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சில ஐயங்கள் உள்ளன. நாங்கள் இருவருமே மது அருந்துவதில்லை. ஒயினுக்குப் பெயர்பெற்ற நிலத்தில் அதைத் தொடாதவர்களுக்கு என்ன இருக்கிறது? மேடும் பள்ளமுமான சாலை என்கிறீர்கள். காலையில் ஒரு மணி நேரம் சமதரையில் ஓட்டுகிற பழக்கம் மட்டுமே உள்ளவர்களால் அது முடியுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எல்லோரும் புகழ்கிற ரிக்வீர் கிராமத்தை இரண்டே வரிகளில் கடந்துவிட்டு, பழைய வீடு ஒன்றுகூட இல்லாத பென்வீருக்கு ஒரு முழுப் பத்தி கொடுத்திருக்கிறீர்களே, ஏன்?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த நான்கு நாட்களில் நான் குடித்தது ஒரே ஒரு கோப்பை, அதுவும் மாலையில் சைக்கிளைப் பூட்டிவைத்த பிறகு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு பிரான்சில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் உண்டு என்பதால், வழிநெடுக ருசி பார்த்துக்கொண்டே போவது அங்கே சட்டப்படியும் ஆகாத காரியம். ஆகவே குடிக்காதது உங்களுக்கு ஒரு குறையே அல்ல. ஆனால் அங்கே நீங்கள் காணப்போகிற எல்லாவற்றையும், சாலையின் அமைதி உட்பட, திராட்சைக் கொடிதான் உண்டாக்கியிருக்கிறது. என் கட்டுரையில் இதை நான் போதிய அளவு சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

மேற்கே வோஜ் மலைத்தொடர், கிழக்கே ரைன் ஆற்றின் சமவெளி. மேற்கிலிருந்து வரும் மேகங்கள் மலையிலேயே பெரும்பாலும் பெய்து தீர்த்துவிடுவதால், உச்சிகளில் ஆண்டுக்கு 2,000 மி.மீ. அளவுக்கு மழை கொட்ட, அடிவாரத்தை அடுத்துள்ள கோல்மார் நகரில் 600 மி.மீ.யை ஒட்டியே பெய்கிறது. மலைக்கும் சமவெளிக்கும் நடுவே, கடல்மட்டத்திலிருந்து 200 முதல் 400 மீட்டர் உயரத்தில், காலை வெயில் நேராக விழுகிற சரிவுகள் வடக்குத் தெற்காக நூறு கி.மீ.க்கு மேல் நீண்டு கிடக்கின்றன. கொடிக்கு ஏற்ற இடம் இந்த ஒடுங்கிய பட்டைதான். நெடுஞ்சாலைகளும் தொழிற்சாலைகளும் கீழே சமவெளியில் இருப்பதால், ஓர் ஊரிலிருந்து அடுத்த பெரிய ஊருக்கு அவசரமாகப் போகிற எவரும் மேலே ஏறி வருவதில்லை.

மேலே இருக்கிற பாதைகள் யாருக்காகப் போடப்பட்டவை என்பதுதான் முக்கியம். ‘ஒயின் சாலை’ என்று பலகை வைத்த, 1953-இல் தொடங்கப்பட்ட, வடக்கே மார்லென்ஹைமிலிருந்து தெற்கே ‘தான்’ (Thann) என்ற நகரம் வரை 170 கி.மீ. நீளமுள்ள வழி ஒன்று உண்டு. அது கார்களுக்கும் சுற்றுலாப் பேருந்துகளுக்கும் உரியது, அதை நம்பிப் போகாதீர்கள். அதே இரண்டு ஊர்களையும் இணைக்கிற சைக்கிள் வழி தனியாக, ஏறக்குறைய 135 கி.மீ. நீளத்தில் இருக்கிறது. அது பெரும்பாலும் கொடி வரிசைகளுக்கு நடுவே செல்லும் ஒற்றைத் தடப் பாதைகளைப் பயன்படுத்திக்கொள்கிறது. அந்தப் பாதைகளில் பலவற்றை நம்மைப் போன்றவர்களை நினைத்து யாரும் போடவில்லை. வரிசைகளுக்கு இடையே நுழைகிற குறுகலான டிராக்டர்கள் மருந்தடிக்கவும் பழம் ஏற்றவும் போய்வருவதற்காக உண்டானவை அவை. நாம் போவது வேறொருவர் வேலை செய்கிற இடத்தின் வழியாக.

இதை நான் விழுந்துதான் கற்றுக்கொண்டேன். அக்டோபர் மாதம், அறுவடை முடிகிற சமயம், முந்தைய இரவு மழை. டிராக்டர் சக்கரங்கள் வரிசைகளிலிருந்து இழுத்து வந்த களிமண் ஒரு வளைவில் தாரின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருந்தது. காலையில் ஆளில்லாத பாதைதானே என்று பிரேக்கைத் தொடாமல் இறங்கியவன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு விழுந்தேன். எதிரே டிராக்டரில் வந்தவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, நான் எழுந்து நிற்கும்வரை காத்திருந்து, இருக்கைக்குக் கீழிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தார். கைக்கு என்று எண்ணி வாங்கினேன். அவர் சங்கிலியைச் சுட்டிக்காட்டினார்.

கிராமங்களுக்கு வருவோம். அந்தப் பகுதியில் ஊருக்கும் ஊருக்கும் இடையே இரண்டு மூன்று கி.மீ.தான் இருக்கும், சில இடங்களில் அதுவும் இல்லை. கொடியைக் கவாத்து செய்வது, கம்பியில் வளைத்துக் கட்டுவது, குலையை அறுப்பது எல்லாம் கைவேலையாக இருந்த காலத்தில், தோட்டத்துக்கு நடந்து போகிற தொலைவில் நிறையப் பேர் குடியிருக்க வேண்டியிருந்தது. உயர்தரச் சரிவுகள் எனச் சட்டப்படி வகுக்கப்பட்ட 51 இடங்களில் இன்றும் குலையைக் கையால்தான் அறுக்க வேண்டும். ஒயினில் வந்த செல்வத்தைக் காக்க மதில்கள் எழுந்தன. நல்ல சரிவை வீட்டுக்கு விட்டுவிட மனமில்லாததால் ஊர் மதிலுக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு உயர்ந்தது. தரைத்தளம் இளஞ்சிவப்பு மணற்கல், அதற்குமேல் மரச்சட்டமும் சாந்தும், ஒரு பக்கம் பீப்பாய் வண்டி நுழைகிற அகலத்தில் வளைந்த வாசல். அந்த வளைவின் உச்சிக்கல்லைப் பாருங்கள். வீடு கட்டிய ஆண்டோடு, கட்டியவரின் தொழிற்கருவியும் அதில் செதுக்கப்பட்டிருக்கும்: கொடிக்காரர் வீட்டில் வளைந்த கவாத்துக் கத்தி, பீப்பாய் செய்பவர் வீட்டில் சுத்தியல். காரில் போகிறவர் கண்ணுக்கு இவை படுவதேயில்லை.

ஹுனாவீரில் தேவாலயத்தைச் சுற்றியே கோட்டைச் சுவர் இருக்கிறது. ஊருக்கு வெளியே, கொடிகளுக்கு நடுவே ஒரு மேட்டில், அறுகோணமாக வளைத்த மதில். அதற்குள் கல்லறைகள், நடுவில் கனத்த கோபுரம். 17ஆம் நூற்றாண்டிலிருந்து கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் அந்த ஒரே கட்டடத்தில் முறைவைத்து வழிபடுகிறார்கள். விளைச்சல் பொய்த்த ஓர் ஆண்டில் ஊர் நீரூற்றில் ஒயின் வந்தது என்று அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். நான் அந்த மதிலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, மரக்கட்டைகளை வேகமாக மோதுவது போன்ற ஓசை கேட்டது. எங்கோ தச்சுவேலை நடக்கிறது என்று எண்ணினேன். செங்கால் நாரை ஒன்று கீழே ஒரு கூரையின்மேல் நின்று, கழுத்தைப் பின்னால் முதுகுவரை வளைத்து அலகைத் தட்டிக்கொண்டிருந்தது. 1970களில் அல்சாஸில் இந்தப் பறவை ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. இன்று ஊர்தோறும் கூடு தெரிவதற்கு, ஹுனாவீரில் உள்ள மையம் உட்படப் பல இடங்களில் வளர்த்து விட்டதுதான் காரணம்.

ரிக்வீர் அழகான ஊர், அதில் எனக்கு ஐயமில்லை. 1291-இல் எழுந்த டோல்டர் கோபுரம் இன்னும் நிற்கிறது. 1324 முதல் பிரெஞ்சுப் புரட்சிவரை அது ஜெர்மானிய வூர்ட்டெம்பெர்க் பிரபுக்களின் உடைமையாக இருந்ததை அங்குள்ள வீடுகளே சொல்லும். ஆனால் காலை பத்து மணிக்குமேல் முதன்மைத் தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவும் இடமிராது. ஏழு மணிக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு வெளியேறிவிடுங்கள்.

அங்கிருந்து கீழே இறங்கினால் பென்வீர். 1944 டிசம்பரில் தொடங்கிய சண்டையில் அந்த ஊர் தரைமட்டமானது. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் மட்டும் இடிபாடுகளுக்கு நடுவே நின்றது. தனித்தனியாக எழுந்து நிற்க வழியில்லாத உழவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒயின் செய்யத் தொடங்கினார்கள். புதிதாகக் கட்டிய தேவாலயத்தில் ஒரு பக்கச் சுவர் ஏறக்குறைய முழுவதும் வண்ணக் கண்ணாடி. வெளியே சாதாரண வீடுகள், சாதாரண ஜன்னல்கள். அடுத்த ஊரான சிகோல்சைமுக்கு மேலே உள்ள குன்றில் 1,500க்கும் மேற்பட்ட படைவீரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. கிறிஸ்தவ, யூதக் கல்லறைகளோடு, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து மடிந்த இஸ்லாமிய வீரர்களின் கல்லறைகளும் அங்கே உண்டு. அங்கிருந்து பார்த்தால் இரண்டு கிராமங்களும் கொடி வரிசைகளும் ஒரே பார்வையில் தெரிகின்றன. ரிக்வீர் ஏன் அப்படியே இருக்கிறது என்ற கேள்வி பென்வீரைப் பார்த்த பிறகுதான் எனக்கு எழுந்தது. மலைமடிப்புக்குள் ஒதுங்கியிருந்த ஊர் தப்பியது, சமவெளியின் விளிம்பில் நின்ற ஊர் அகப்பட்டது. இதற்குத்தான் அந்த ஒரு பத்தி.

ஏற்றத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மலையைக் கடக்கிற வழியல்ல அது, மலையின் பாதத்தை ஒட்டிப் போகிற வழி. ஒவ்வொரு ஏற்றமும் சில நூறு மீட்டர்தான், ஆனால் சில இடங்களில் செங்குத்தாக இருக்கும், நாள் முழுவதும் வந்துகொண்டே இருக்கும். முன்பல்சக்கரத்தில் உள்ள பற்களைவிடப் பின்னால் உள்ள மிகப் பெரிய சக்கரத்தின் பற்கள் குறையாதபடி கியர் அமைந்த சைக்கிளைக் கேட்டு வாங்குங்கள். டயர் 32 மி.மீ. அகலமாவது இருக்கட்டும். நாளுக்கு 30 கி.மீ. போதும். உங்கள் மனைவிக்கு மின்மோட்டார் உதவியுள்ள சைக்கிளையும் நீங்கள் சாதாரண சைக்கிளையும் எடுப்பதாகத் திட்டமிருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள், நீங்கள்தான் பின்தங்குவீர்கள். கிராமத் தெருக்களில் பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. சந்து எவ்வளவு சிறியதானாலும் இதுதான் விதி. இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு இது உடனே கைவராது.

அறுவடைக் காலத்தில் போக வேண்டாம். சில ஊர்களில் தோட்டப் பாதைகளை அப்போது மூடிவிடுவதும் உண்டு. ஜூனில் போங்கள். அது கொடி பூக்கிற மாதம். இதழ் விரியாத, பச்சை நிறத்தில் கடுகளவே உள்ள பூ என்பதால் சைக்கிளில் போகும்போது கண்ணுக்குத் தெரியாது. காற்றில்லாத காலையில், ஏற்றத்தில் மூச்சு வாங்க நிற்கும்போது, மெலிதான வாசனையாக முதலில் அது மூக்குக்குத்தான் தெரியும். வரிசைக்குள் இரண்டடி நுழைந்து இலையை விலக்கிப் பாருங்கள். டிராக்டர் வந்தால் வழி விடுங்கள்.