எழுபதைத் தாண்டிய அம்மாவுக்குத் தெம்பு வர என்ன கொடுக்கலாம்?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாக அசதி, படி ஏறினால் கால் தளர்கிறது. இயற்கையான உணவு, பானம், சப்ளிமென்ட் என்று எதைக் கொடுத்தால் தெம்பு வரும்?

நான் மருத்துவர் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கும் மருந்தாளுநர். வீட்டில் எண்பதைத் தாண்டிய மாமனார் இருக்கிறார். இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளியூரில் வேலை பார்க்கும் மகனோ மகளோதான். லீவு முடிந்து கிளம்புவதற்கு முன் ஒரு பெரிய டப்பாவை வாங்கி வைத்துவிட்டுப் போனால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். டப்பா விற்றால் எனக்கு லாபம். இருந்தாலும் நான் முதலில் கேட்பது, “ராத்திரி அம்மா என்ன சாப்பிடுகிறார்கள்?”

பதில் பெரும்பாலும் மாறாது. இரண்டு இட்லி, சட்னி. இல்லாவிட்டால் ஒரு தோசை. அதுவும் இல்லாவிட்டால், “ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் போதும் என்கிறார்.”

அசதிக்கான காரணம் பாதி அங்கேயே இருக்கிறது. ஒரு இட்லியில் புரதம் ஏறக்குறைய 2 கிராம். தேங்காய்ச் சட்னியில் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை. ஆக, இரவுச் சாப்பாட்டில் 5 கிராம் கூடத் தேறாது. காலையிலும் அதே இட்லி, அதே சட்னி. மதியம் ஒரு கரண்டி சாம்பார், அதிலும் பருப்பு அடியில் தங்கிவிட, மேலே நிற்கும் தெளிவுதான் தட்டுக்கு வருகிறது. உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொன்ன கணக்கு. முதியோர் ஊட்டச்சத்தில் தேர்ந்தவர்கள் இதையும் போதாது என்று 1 முதல் 1.2 கிராம் வரை கேட்கிறார்கள், ஏனென்றால் வயதான தசைக்கு அதே அளவு புரதத்தைக் கொண்டு தன்னைக் கட்டிக்கொள்ளும் திறன் குறைந்துவிடுகிறது. அம்மா 60 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். நம் வீட்டு மூதாட்டிகள் பலருக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது. தசை கரைகிறது, படி ஏற முடியவில்லை, நாம் ‘கால்சியம் குறைச்சல்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆகவே இரவு உணவிலிருந்து தொடங்குங்கள். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலிலும் அதே அளவு. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் 10 கிராம். பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பனீர், தயிர் எல்லாம் கணக்கில் வரும். மீன் சாப்பிடுகிறவர் என்றால் சாளை மீனுக்கு இணை கிடையாது. புரதமும் ஒமேகா 3 கொழுப்பும் சேர்ந்தே வருகின்றன. வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசில் வீடு முழுக்க நாலு நாள் சாப்பிடலாம்.

“சுண்டல் கொடுத்தால் அம்மா ஒதுக்கி வைத்துவிடுகிறார்” என்பீர்கள். வாயைத் திறந்து பாருங்கள். கடைவாய்ப் பல் இருக்கிறதா? பல் செட் இறுக்கமாகப் பொருந்துகிறதா, ஆடுகிறதா? பல் போனவர்கள் முதலில் கைவிடுவது பயறும் கறியும் கொட்டைகளும்தான், அவை அத்தனையும் புரதம். மிஞ்சுவது மாவுச் சத்து. பல் மருத்துவரிடம் ஒரு தடவை போய்வருவது சில வீடுகளில் எந்த டானிக்கைவிடவும் அதிகம் சாதித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் மாமாவுக்கு ஒத்துவந்தது எங்கள் ஊர் உளுந்தஞ்சோறு. தொலி உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். அரிசி ஒரு பங்கு, உளுந்து அரைப் பங்கு. பூண்டு பத்துப் பல், கொஞ்சம் வெந்தயம், சீரகம், தேங்காய்த் துருவல், உப்பு. குக்கரில் வழக்கமான அளவுக்குமேல் ஒரு டம்ளர் தண்ணீர் கூட விட்டு, இரண்டு விசில் கூட வைத்தால் கரண்டியின் பின்பக்கத்தால் மசிக்கும் பதத்துக்கு வந்துவிடும். பல் இல்லாவிட்டாலும் இறங்கும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். கறுப்பு எள், மிளகாய் வற்றல், சுண்டைக்காயளவு புளி, தேங்காய். இதை மட்டும் நைசாக அரையுங்கள். முழு எள் பல் செட்டுக்கு அடியில் புகுந்தால் அன்றைக்கு முழுவதும் புலம்பல்தான், அரைபடாத எள் அப்படியே வெளியேறியும் விடும். எள்ளில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து கேழ்வரகில் இருப்பதைப்போல மூன்று மடங்குக்குக் குறையாது. அது முழுவதும் உடலில் சேராது என்பதும் உண்மை. ஆனாலும் பூப்பெய்திய பெண்ணுக்கு மட்டும்தான் உளுந்து என்று ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. எலும்பும் தசையும் தேய்கிற பாட்டிக்கும் அதே பண்டம்தான் வேண்டும்.

அடுத்தது சத்துமாவு. வீட்டில் அரைத்ததாகவே இருக்கட்டும், அதில் முக்கால் பங்கு தானியம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவருக்கு நைசாக அரைத்த மாவைத் தண்ணீராகக் காய்ச்சி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால், மெல்லுகிற வேலையே இல்லாமல் அது சீக்கிரம் செரித்து இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சிறுதானியம் என்ற பெயரால் அது மாறாது. அதே கேழ்வரகை முருங்கைக்கீரை போட்டு அடையாகவோ, களியாகத் திரட்டி கீரைக்குழம்போடோ கொடுத்தால் சற்று நிதானமாக ஏறும். குளுக்கோமீட்டர் வீட்டில் இருக்கும் அல்லவா? கஞ்சி குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருநாள், அடை சாப்பிட்டு ஒருநாள் பார்த்துக்கொள்ளுங்கள். என் பேச்சை நம்ப வேண்டியதில்லை. மாவு அரைப்பதாக இருந்தால் பொட்டுக்கடலை, பாசிப்பயறு, வேர்க்கடலை மூன்றும் சேர்ந்து பாதிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை டப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசே இணைய விற்பனை நிறுவனங்களிடம், அந்தத் தலைப்பின் கீழ் இத்தகைய பானங்களை வைக்காதீர்கள் என்று சொல்லவேண்டி வந்தது. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அது முதலில் வரும். முதல் இரண்டு மூன்று பெயர்களில் சர்க்கரையோ, மாவுச் சத்திலிருந்து எடுக்கும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் பொடியோ இருந்தால் அது அம்மாவுக்கு வேண்டாம். நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, கருப்பட்டி என்று எழுதியிருந்தாலும் இதே தீர்ப்புதான். உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் சர்க்கரை நோய்க்காரருக்கு அது சர்க்கரை.

பானங்களில் நான் முதலிடம் கொடுப்பது பச்சைத் தண்ணீருக்கு. வயதாக ஆகத் தாகம் எடுப்பது குறைந்துவிடும். அதோடு, ராத்திரி எழுந்து போக வேண்டுமே என்ற பயத்தில் பெண்கள் வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். தலைசுற்றல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, சில சமயம் திடீர்க் குழப்பம்கூட இதனால் வரும். மாலை ஐந்து மணிக்குள் பெரும்பகுதியைக் குடிக்க வைத்துவிட்டால் இரவுத் தொல்லை குறையும். உப்பு குறைத்த நீர்மோர் நல்லது. இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

இளநீர் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். இயற்கையானது, குளிர்ச்சி, எல்லாம் சரி. ஒரு பெரிய இளநீரில் பொட்டாசியம் 600 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்கலாம். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்ற வகை என்றால் அவை உடலில் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும். ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் பிரிக்கும் மாத்திரையும் அப்படியே. சிறுநீரகம் நன்றாக இருந்தால் எப்போதாவது ஒரு இளநீரால் ஒன்றும் ஆகாது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் இருப்பதும் பொட்டாசியம்தான். ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் குறைப்பது அதைவிடப் பாதுகாப்பான வழி.

இனி மாத்திரைகளும் மூலிகைகளும். போன வருஷம் ஓர் ஆச்சி மஞ்சள் பை ஒன்றைக் கவுண்டரில் கவிழ்த்து, “இதில் எது தீர்ந்துவிட்டதோ அதைக் கொடு ஐயா” என்றார். எலும்பு டாக்டர் எழுதிய கால்சியம் ஓர் அட்டை, பொது மருத்துவர் எழுதிய கால்சியம் வேறு பெயரில் இன்னோர் அட்டை. இரண்டும் ஒரே மருந்து. தைராய்டு மாத்திரை. வாரம் ஒன்று சாப்பிட வேண்டிய வைட்டமின் டி 60,000 யூனிட் குளிகை, அதில் ஒரே வாரத்தில் நாலு காலி. நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்தில் அதிமதுரப் பொடி. காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வாராம், “ஒரு வேலை முடிந்தது பாரு” என்று.

அந்த ஒரு வாயில் எத்தனை சிக்கல் என்று பாருங்கள். கால்சியமும் தைராய்டு மாத்திரையும் ஒன்றாகப் போனால் தைராய்டு மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது, நாலு மணி நேர இடைவெளி வேண்டும். வைட்டமின் டி அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சோர்வு, வாந்தி, மலச்சிக்கல் என்று படுத்தும். எந்தச் சோர்வுக்காகச் சாப்பிட ஆரம்பித்தாரோ அதே சோர்வு. அதிமதுரம் இருமலுக்கு இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் சாப்பிட்டால் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தைக் கூட்டும். ஆச்சியின் மகளை வரச்சொல்லி, பையோடு மருத்துவரிடம் அனுப்பினேன்.

இயற்கை என்பதால் பக்கவிளைவு இல்லை என்று நினைக்காதீர்கள். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்த நோயாளிகளைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அமுக்கரா (அஸ்வகந்தா) மாத்திரைகளாலும், மிளகுச் சத்து சேர்த்து வீரியம் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளாலும் அதே மாதிரி பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதை உங்கள் பாட்டுக்குப் போடுங்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயப் பொடி ஆகியவற்றை சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துத் தினமும் கொடுத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும் அபாயம் உண்டு. வயதானவர்களுக்கு அது மயக்கம், விழுதல், இடுப்பெலும்பு முறிவு என்று போய் முடியும். அம்மா இரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடுகிறார் என்றால், கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதால் கீரையை நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று குவிக்கவும் வேண்டாம். வாரா வாரம் ஒரே அளவில் போகட்டும்.

சப்ளிமென்டில் நான் உண்மையிலேயே முக்கியமாக நினைப்பது வைட்டமின் பி12. வயதானால் வயிற்றில் அமிலம் குறைந்து உணவிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது கடினமாகிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 மேலும் குறையும். வாயுத்தொல்லைக்கென்று, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலைத் தினமும் விழுங்குவது மூன்றாவது அடி. சைவ உணவு என்றால் பாலும் தயிரும் தவிர வேறு வரவே இல்லை. அசதி, கால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், மறதி எல்லாம் இதனாலும் வரும். ‘வயசாகிவிட்டது’ என்று விட்டுவிடுகிறோம். இரத்தத்தில் பி12, வைட்டமின் டி, ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய ஐந்தையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். குறைவு இருந்தால் மாத்திரை, இல்லாவிட்டால் வேண்டாம். குறைபாடு உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்காமல் பொதுவாக வைட்டமின் டியும் மீன் எண்ணெயும் கொடுத்து அமெரிக்காவில் 25,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ‘வைட்டல்’ ஆய்வு, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றையோ புற்றுநோயையோ மொத்தத்தில் இவை குறைக்கவில்லை என்று 2018இல் சொன்னது. எலும்பு முறிவுக்கும் வைட்டமின் டி உதவவில்லை என்று 2022இல் தெரிந்தது.

மலச்சிக்கலுக்கு இசப்கோல் கொடுக்கலாம், முழு டம்ளர் தண்ணீரோடு மட்டும். குறைந்த தண்ணீரில் அது தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்.

சாப்பாடு மட்டும் தசையைக் கொண்டுவராது. கைப்பிடியைப் பற்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள், காலை ஐந்து தடவை, மாலை ஐந்து தடவை. முதலில் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். முடிகிறபோது எண்ணிக்கையைக் கூட்டலாம்.

புடவை ரவிக்கை தொளதொளவென்று ஆகியிருந்தாலோ, முயற்சி செய்யாமலே எடை ஆறு மாதத்தில் 3 கிலோ, அதற்குமேல் இறங்கியிருந்தாலோ உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரிடம் உடனே போங்கள். அம்மாவின் கிரியாட்டினின் அளவும் மாத்திரைகளின் பெயர்களும் கையில் இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பயறும் இளநீரும் எவ்வளவு என்று மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். சிறுநீரகம் பழுதென்றால் மேலே சொன்ன 60 கிராம் கணக்கு அவருக்குப் பொருந்தாது.