கையெழுத்து யாருடையது? முன்னாள் படைவீரர் நலன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மதுரை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. மனுவை வாங்கும் அலுவலகம் ஒன்று, முடிவெடுக்கும் அலுவலகம் வேறொன்று. சான்றளிப்பது, பரிந்துரைப்பது, ஒப்பளிப்பது (பணம் வழங்க அனுமதி ஆணை தருவது) ஆகிய மூன்றும் ஒரே மேஜையில் நடப்பது அபூர்வம். உங்கள் தாள் இந்த மூன்றில் எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

மகள் திருமண மானியத்துக்கு மனு போட்டு ஆறு மாதம் ஆகிறது. கேட்டால் "அனுப்பிட்டோம்" என்கிறார்கள். மதுரையிலேயே உதவி இயக்குநர் ஒப்பளிக்க முடியாதா? (உசிலம்பட்டி)

முடியாது. இந்த மானியம் கொடிநாள் நிதியின் கீழ் வருவது. கொடுப்பது தில்லியிலுள்ள மத்திய சைனிக் வாரியம். உதவி இயக்குநரின் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஆவணங்களைச் சரிபார்க்கும், சென்னையிலுள்ள முன்னாள் படைவீரர் நல இயக்குநரகம் பரிந்துரைக்கும், ஒப்பளிப்பு தில்லியில் நடக்கும். ஹவில்தார் பதவி வரை ஓய்வுபெற்றவர்களுக்கு, இரண்டு மகள்கள் வரை கிடைக்கும். 2025 நவம்பர் 1 முதல் பதிவாகும் மனுக்களுக்குத் தொகை 50,000 ரூபாயிலிருந்து 1,00,000 ஆக உயர்ந்திருக்கிறது. ஆனால் கல்யாணம் அந்த உயர்வு ஆணைக்குப் பிறகு நடந்ததாக இருக்க வேண்டும்.

"அனுப்பிட்டோம்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். மத்திய சைனிக் வாரிய இணையதளத்தில் உள்நுழைந்து மனு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். குறை சொல்லித் திருப்பியிருந்தால் அது உங்களிடம்தான் தேங்கிக் கிடக்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: பிரவுசிங் சென்டரில் மனு ஏற்றும்போது கடைக்காரரின் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார்கள். தில்லி அனுப்பும் குறிப்பு அவருக்குப் போகும். அவர் பார்க்க மாட்டார். அடுத்தது வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்த பிறகு மாறிப்போன ஐஎஃப்எஸ்சி எண். மூன்றாவது, டிஸ்சார்ஜ் (பணி விடுவிப்பு) புத்தகத்தில் "முத்துலட்சுமி", திருமணப் பதிவுச் சான்றில் "முத்துலெட்சுமி". நமக்கு ஒரே பெயர்தான். கோப்பைப் பார்ப்பவருக்கு இரண்டு பேர்.

எங்கள் மாவட்டத்தில் உதவி இயக்குநர் பணியிடம் காலி. பக்கத்து மாவட்ட அதிகாரி பொறுப்பில் இருக்கிறார். அவர் கையெழுத்திட்ட சார்ந்தோர் சான்று (முன்னாள் படைவீரரைச் சார்ந்தவர் என்பதற்கான சான்று) கல்லூரிச் சேர்க்கைக்குச் செல்லுமா?

அவருக்கு முழு கூடுதல் பொறுப்பு வழங்கி ஆணை இருந்தால் செல்லும். கையெழுத்துக்குக் கீழே பதவிப் பெயரும் "முழு கூடுதல் பொறுப்பு" என்ற குறிப்பும், அலுவலக முத்திரையும், ந.க. எண்ணும் (கோப்பு எண்), தேதியும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். முத்திரை ஒரு மாவட்டமும் கையெழுத்து வேறு மாவட்டப் பதவிப் பெயருமாக இருந்தால் சேர்க்கை மையத்தில் நிச்சயம் கேள்வி வரும்.

அன்றாட வேலையை மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தால் கதை வேறு. மத்திய அரசின் அடிப்படை விதி 49-க்கான விளக்கம் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. நடப்புப் பணிகளை மட்டும் பார்ப்பவர் நிர்வாக, நிதி அதிகாரங்களைப் பயன்படுத்தலாம். சட்டம் ஒரு பதவிக்கென்றே கொடுத்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது.

கண்காணிப்பாளர் "உதவி இயக்குநருக்காக" என்று கையெழுத்திட்ட கடிதம் வந்தால் உடனே செல்லாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கோப்பில் அதிகாரி ஒப்புதல் கொடுத்து, அதைத் தெரிவிக்கும் கடிதத்தில் மட்டும் கீழுள்ளவர் கையெழுத்திடுவது வழக்கம்தான். கோப்பில் ஒப்புதலே இல்லாமல் கீழுள்ளவரே முடிவெடுத்திருந்தால்தான் தவறு. சான்றிதழ் மட்டும் விதிவிலக்கு: அதில் அதிகாரியின் நேரடிக் கையெழுத்தையே கேட்டு வாங்குங்கள்.

டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டது. வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீஸ் (படைவீரர் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) கடிதத்தில் "பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல" என்று இருக்கிறது. டாக்டர்கள் போர்டு சொன்னதை இவர்கள் மாற்ற முடியுமா? மேல்முறையீடு யாரிடம்? (மேலூர்)

விடுவிப்பின்போது கூடும் மருத்துவ வாரியம் கொடுப்பது கருத்து. அதன்பேரில் முடிவெடுப்பது, சிப்பாய் முதல் ஜேசிஓ (இளநிலை அதிகாரி) வரை, ரெக்கார்ட் ஆபீஸின் பொறுப்பதிகாரி. அதிகாரிகளுக்கு அந்தந்தப் படைத் தலைமையகம். பாதுகாப்புத் துறையின் பிரயாக்ராஜ் கணக்கு அலுவலகம் அந்த முடிவின்பேரில் ஓய்வூதிய ஆணை போடும் இடம். பலர் அங்கே மேல்முறையீட்டை அனுப்பி மாதக்கணக்கில் இழக்கிறார்கள்.

முதலில் மருத்துவ வாரிய நடவடிக்கைப் படிவத்தின் நகல் வேண்டும். ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்று கேளுங்கள். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: ஊனத்தின் விழுக்காடு, நோய் தொடங்கிய இடமும் தேதியும், வாரியம் சொன்ன காரணம். வாரியம் ஒன்று சொல்லி ரெக்கார்ட் ஆபீஸ் வேறொன்று முடிவு செய்திருந்தால், மேல்முறையீட்டின் முதல் பத்தியே அதுவாக இருக்கட்டும். காரணமே எழுதாமல் "பணிக்குத் தொடர்பில்லை" என்று மட்டும் இருந்தால் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உதவும்: சேரும்போது குறிக்கப்படாத நோய் பணிக்காலத்தில் வந்தது என்றே கொள்ள வேண்டும், மறுக்கும் வாரியம் காரணம் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பு பழைய விதிகளின் மேல் எழுந்தது. 2023 செப்டம்பர் 21-லிருந்து வெளிவந்தவர்களுக்குப் புதிய தகுதி விதிகள்; தீர்ப்பை அப்படியே தூக்கி வைத்து வாதாட முடியாது.

மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு, ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவே அனுப்புங்கள். அங்கும் மறுத்தால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது குழு. பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. இறுதி ஆணையிலிருந்து ஆறு மாதக் கெடு. மேல்முறையீடு செய்து ஆறு மாதம் பதிலே வரவில்லை என்றாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். காலம் தாழ்ந்தாலும் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் வாசல் முழுவதும் அடைபடாது. ஆனால் நிலுவை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்றாண்டுக்கு மட்டுமே கிடைக்கும். தள்ளிப்போடுவதற்கு இதுதான் விலை.

திருமங்கலம் நான்குவழிச் சாலையில் விபத்து. பக்கத்தில் இருந்த, இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்தோம். அத்திட்டத்தின் பாலிகிளினிக் பொறுப்பதிகாரி ஒப்புதல் தராமல் பணம் வராதா?

அவசரத்தில் முன் ஒப்புதல் தேவையில்லை. 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் சொன்னதற்குச் சான்று இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் போதாது; மின்னஞ்சல் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து நேரம் குறித்த ஒப்புகை வாங்குங்கள். "அவசர நிலையில் அனுமதிக்கப்பட்டார்" என்று மருத்துவமனை எழுதிக் கொடுக்கட்டும். பொறுப்பதிகாரி கோப்பை மேலே அனுப்புவார். ஒப்பளிப்பு தொகையைப் பொறுத்து மேல்மட்டங்களில் நடக்கும். கிடைப்பது சிஜிஎச்எஸ் (மத்திய அரசு மருத்துவத் திட்டம்) விகிதத்தில்தான், பில் தொகை முழுவதும் அல்ல.

மாவட்ட சைனிக் வாரியத் தலைவர் ஆட்சியர்தானே? திங்கள்கிழமை குறைதீர் நாளில் பென்ஷன் மனு கொடுத்தால் முடியுமா?

தலைவர் அவர்தான். பட்டா, ஆக்கிரமிப்பு, வாரிசுச் சான்று தாமதம், காவல் துறைப் புகார் என்றால் தாராளமாகக் கொடுங்கள். அவை அவர் நிர்வாகத்தின் எல்லைக்குள். ஓய்வூதியம் அவர் எல்லையில் இல்லை. மனு கடைசியில் நல அலுவலகத்துக்கே வந்து, "ஸ்பர்ஷ் என்ற படை ஓய்வூதிய இணையதளத்தில் விண்ணப்பிக்கவும்" என்ற பதிலோடு முடியும்.

கணவரின் ஓய்வூதிய ஆணையில் என் பெயர் மாரியம்மாள், ஆதாரில் மாரியம்மா. நல அலுவலகத்திலுள்ள நல அமைப்பாளரே திருத்த முடியாதா?

முடியாது. பணிப்பதிவில் உள்ள பெயரைத் திருத்த ரெக்கார்ட் ஆபீஸால் மட்டுமே முடியும். விண்ணப்பம் எழுதவும், மேலொப்பமிட்டு அனுப்பவும் நல அலுவலகம் உதவும். ஆதாரை ஓய்வூதிய ஆணைப்படி மாற்றிக்கொள்வது எளிதென்றால் அதை முதலில் செய்யுங்கள்.

யாருக்கு என்ன அதிகாரம் என்று எழுத்தில் எப்படி வாங்குவது?

தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஆ)-வின்படி அலுவலர்களின் அதிகாரங்களையும் முடிவெடுக்கும் நடைமுறையையும் ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் பதில் வராது. "என் மனு மீது ஒப்பளிப்பு அதிகாரம் பெற்ற அலுவலரின் பதவிப் பெயர், அந்த அதிகாரத்தை ஒப்படைத்த ஆணையின் நகல், என் கோப்பின் குறிப்புப் பக்க நகல்" என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கட்டணம் 10 ரூபாய். மதுரை அலுவலகமும் சென்னை இயக்குநரகமும் மாநில அரசு என்பதால் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். ரெக்கார்ட் ஆபீஸ், தில்லி வாரியம் ஆகியவை மத்திய அரசு. அங்கே வில்லை ஒட்டினால் திரும்பி வரும், போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும்.