செட்ரிசின்: சின்ன அலர்ஜி மாத்திரை, சில சந்தேகங்கள்

காலைத் தும்மலுக்காக இரண்டு வருடமாக இரவில் செட்ரிசின் போடுகிறேன். நிறுத்தினால் உடம்பெல்லாம் அரிக்கிறது. அடிமையாகிவிட்டேனா?

அடிமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரிப்பு உங்கள் கற்பனை இல்லை. மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டு நிறுத்திய சிலருக்கு, ஓரிரு நாளில் கடுமையான அரிப்பு வருகிறது. முன்பு அரிப்பே இல்லாதவர்களுக்கும்கூட. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் இதைப் பற்றி எச்சரித்தது. இதன் நெருங்கிய உறவான லீவோசெட்ரிசின் மாத்திரைக்கும் இது பொருந்தும். அரிதுதான். பெரும்பாலும் மறுபடி போட்டால் அடங்கிவிடும். அப்புறம் டாக்டரைக் கேட்டு மெல்ல மெல்லக் குறைக்கலாம். தினசரித் தும்மல், மூக்கடைப்புக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே இதைவிட நன்றாகக் கேட்கும். ஸ்டீராய்டு என்றதும் பயந்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும்.

மாமனாருக்கு 74 வயது, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும் கழிவு) அதிகம். அரிப்புக்கு 10 மி.கி. கொடுக்கலாமா?

வேண்டாம். செட்ரிசினின் பெரும்பகுதி சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடம்பிலேயே தங்கி, ஆளைத் தூக்கத்தில் தள்ளும். வழக்கமாகப் பாதி அளவு, அதாவது 5 மி.கி.தான்; அதையும் அவருடைய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். "சரி, அவில் கொடுப்போம்" என்று மெடிக்கலில் வாங்கிவிடாதீர்கள். அவில் போன்ற பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகள் முதியவர்களுக்குக் குழப்பம் தரும், தடுமாறி விழவைக்கும். பிராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, அரிப்பே சிறுநீரகக் கோளாறால் வந்ததாக இருக்கலாம். அதற்கு இந்த மாத்திரைகள் அவ்வளவாகப் பலன் தராது.

மூன்று வயதுப் பையனுக்குச் சளி. வீட்டில் மிச்சமிருக்கும் சளி சிரப்பைக் கொடுக்கலாமா?

கூடாது. குளோர்பெனிரமின் (பழைய தலைமுறை அலர்ஜி மருந்து), பினைலெப்ரின் (மூக்கடைப்பு மருந்து) கலந்த சளி சிரப்பை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என 2023இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் உத்தரவிட்டார். சாதாரணச் சளி தானாகப் போகும். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். மூச்சு வாங்கினாலோ, சாப்பிடாமல் சோர்ந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

லாரி ஓட்டுகிறேன். தூக்கம் வராத மாத்திரை உண்டா?

செட்ரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். தூக்கம் குறைவாகத் தரும் ஃபெக்ஸோபெனடின் என்ற அலர்ஜி மாத்திரையை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். தண்ணீரில் விழுங்குங்கள், ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது.

குளவி கொட்டினால் செட்ரிசின் போதுமா?

கொட்டிய இடத்தில் மட்டும் வீக்கமும் அரிப்பும் என்றால் போதும். மூச்சுத்திணறல், குரல் கம்முதல், நாக்கு வீக்கம், மயக்கம் இருந்தால் மாத்திரையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே தேவை தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே 108ஐ அழையுங்கள்.