குளியலறைக் குழாயும் அலமாரிக் கீலும்: சேலத்து வீடுகளுக்குச் சில பதில்கள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் உறுப்பினர்கள் கைப்பிடி, கீல், சேனல் (டிராயர் ஓடும் தண்டவாளம்), குழாய், ஷவர் ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். இந்த வேலைகளை எடுத்துச் செய்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் அதைத் தொடவில்லை.

கேள்வி (அஸ்தம்பட்டி): ஐயா, பூச்சு வேலை தொடங்கப்போகிறது. குழாய்களை டைல்ஸ் ஒட்டிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் கொத்தனார். சரிதானா?

பதில்: வெளியே தெரியும் குழாய்களுக்குச் சரி. சுவருக்குள் பதியும் டைவர்ட்டர் (நீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பும் வால்வு), கன்சீல்டு ஸ்டாப் காக் (சுவருக்குள் மறைந்திருந்து நீரை அடைக்கும் வால்வு), ஃபிளஷ் டேங்க் ஆகியவற்றுக்குச் சரியல்ல. டைவர்ட்டரை எவ்வளவு ஆழத்தில் பதிக்கலாம் என்பதற்குக் குறைந்த அளவு, கூடிய அளவு என இரண்டு எல்லைகள் உண்டு. பெரும்பாலானவற்றில் அதன் பிளாஸ்டிக் மூடியிலேயே கோடு போட்டிருப்பார்கள். பூச்சு, ஒட்டும் பசை, டைல்ஸ் மூன்றின் கனமும் சேர்ந்த பிறகு டைல்ஸின் மேற்பரப்பு அவ்விரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து நிற்கவேண்டும். ஆழமாகப் புதைந்துவிட்டால் கைப்பிடி எட்டாது. துருத்திக்கொண்டிருந்தால் மேல்தகடு சுவரில் உட்காராது. ஆகவே டைல்ஸைத் தேர்ந்தெடுத்து, டைவர்ட்டரையும் வாங்கி, இரண்டையும் பிளம்பர் கையில் கொடுத்த பிறகே சுவரை வெட்டச் சொல்லுங்கள். வால் மிக்ஸர் (வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் சுவர்க்குழாய்) வைப்பதாக இருந்தால் வெந்நீர் வாய்க்கும் குளிர்நீர் வாய்க்கும் இடையே மையத்திலிருந்து மையம் 150 மி.மீ. இருக்கவேண்டும், வெந்நீர் இடப்பக்கம் வரும். பூசுவதற்கு முன் லைனில் அழுத்தச் சோதனை செய்து, ஓர் இரவு அப்படியே விட்டுப் பார்க்காமல் கொத்தனாரைக் கரண்டியை எடுக்க விடாதீர்கள்.

கேள்வி (நெத்திமேடு): கையிருப்பு குறைவு. எதில் குறைக்கலாம், எதில் கூடாது?

பதில்: கைப்பிடி, டவல் ராடு, சோப்புத் தட்டு, கொக்கி ஆகியவற்றில் தாராளமாகக் குறையுங்கள், பிடிக்காவிட்டால் பின்னால் ஒரு திருப்புளியோடு மாற்றிவிடலாம். சுவருக்குள் போவதிலும் நாள்தோறும் அசைவதிலும் குறைக்காதீர்கள். அதாவது டைவர்ட்டர், ஆங்கிள் காக் (சுவரிலிருந்து வரும் நீரை அடைக்கும் சிறு வால்வு), கீல், டிராயர் சேனல். கன்சீல்டு பொருளை வாங்கும்போது அதன் கார்ட்ரிட்ஜ் (நீரைத் திறந்து மூடும் உள்பாகம்) சேலத்துக் கடைகளிலேயே உதிரியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள். பத்து ஆண்டு கழித்து அது கிடைக்காமல் போனால் டைல்ஸை உடைப்பதைத் தவிர வேறு வழியிராது. ஆங்கிள் காக்கைக் கையில் வைத்து எடை பாருங்கள். பித்தளை கனக்கும், துத்தநாகக் கலவை இலேசாக இருக்கும். கைப்பிடியைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் கவனியுங்கள்: துளைகளின் இடைவெளி 96, 128, 160, 192 மி.மீ. என்ற வழக்கமான அளவுகளில் ஒன்றாக இருந்தால், பின்னால் வேறு கைப்பிடியை அதே துளையில் பொருத்தலாம்.

கேள்வி (அழகாபுரம்): கடைக்காரர் ‘304 எஸ்.எஸ்.’ (துருவேறா எஃகில் ஒரு வகை) என்று கூறி, காந்தம் ஒட்டாததைக் காட்டுகிறார். நம்பலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து நம்பவேண்டாம். 202 வகையும் காந்தத்தில் ஒட்டாது. ஏமாற்று நடப்பதே அங்கேதான். 304-இல் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 202-இல் விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். வரவேற்பறை அலமாரிக்கு அது போதும், குளியலறைக்குப் போதாது. ஒரு சொட்டுச் சோதனைத் திரவத்தை வைத்துச் சிறிய பேட்டரியால் மின்சாரம் கொடுத்தால் 202 சிவக்கும், 304 அவ்வாறு சிவக்காது. நல்ல கடைகளில் இதைச் செய்து காட்டுவார்கள். மறுக்கும் கடையை விட்டுவிடுங்கள். கஞ்சமலை அடிவாரத்தில் துருவேறா எஃகு உருக்காலையை வைத்துக்கொண்டு நம் ஊர்க்காரர் எஸ்.எஸ். விஷயத்தில் ஏமாறுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

கேள்வி (ஏற்காடு): எங்கள் பழைய வீட்டில் மூன்று மழைக்காலத்துக்குள் சமையலறைக் கீல்கள் எல்லாம் துருப்பிடித்துவிட்டன. புது வீட்டில் என்ன செய்வது?

பதில்: சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் சன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே நுழையும் ஊர் உங்களுடையது. இரவில் குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரம் படியும். கதவு மூடிய அலமாரிக்குள் அது எளிதில் காயாது. சாதாரண ஆட்டோ ஹிஞ்ச் (தானே மூடும் அலமாரிக் கீல்) இரும்பால் செய்து நிக்கல் பூசியது. பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் அங்கிருந்து துரு தொடங்கும். உங்களுக்கு 304 கீல்தான் வேண்டும். அதைவிட முக்கியம், திருகும் எஸ்.எஸ். ஆகவே இருக்கவேண்டும். எஸ்.எஸ். கீலில் சாதாரணத் திருகைப் போட்டால் ஈரத்தில் அந்தத் திருகுதான் முதலில் அரிபடும். கீல் பளபளவென்றிருக்க, திருகின் தலை உதிர்ந்து கதவு தொங்குவதை மலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆசாரி தன் பையிலிருந்து எடுத்துப் போடும் திருகை அனுமதிக்காதீர்கள். பலகை ஐ.எஸ். 710 (ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள ப்ளைவுட்டாக இருக்கட்டும். அறுத்த விளிம்புகளையும் கீலுக்குத் துளைத்த 35 மி.மீ. குழியையும் வார்னிஷ் பூசி அடைத்துவிடவேண்டும். ஈரம் நுழைவது பெரும்பாலும் அந்தக் குழி வழியாகத்தான். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை மலைக்கு ஏற்றவே வேண்டாம்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): எங்களுக்குப் போர் தண்ணீர்தான். மேட் கறுப்பு நிறக் குழாய் வாங்க மகள் ஆசைப்படுகிறாள். தாங்குமா?

பதில்: குழாய் தாங்கும், அதைத் துடைப்பவர் தாங்கமாட்டார். மேட்டூர் தண்ணீர் வரும் வீடுகளில் இந்த உப்புக்கறைத் தொல்லை குறைவு. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் கடினத்தன்மைக்கு (நீரில் கரைந்த சுண்ணாம்பு போன்ற உப்புகளுக்கு) ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. உங்கள் நீரை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். எண் அதிகமாக இருந்தால், ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் வெள்ளை வட்டம் விழும். கறுப்பில் அது உடனே கண்ணில் படும், குரோமில் அவ்வளவாகத் தெரியாது. மகளின் ஆசைக்குக் கைகழுவும் தொட்டிக் குழாய் ஒன்றை மட்டும் கறுப்பில் எடுத்துக் கொடுங்கள். ஷவரில் துளைகள் ரப்பர் போன்ற மென்மையான முனையோடு இருக்கவேண்டும். கட்டைவிரலால் தேய்த்தாலே படிவு உதிர்ந்துவிடும். குழாய் வாயிலுள்ள வலையை அவ்வப்போது கழற்றி வினிகரில் சிறிது நேரம் போட்டுக் கழுவுங்கள்.

ஆசிட் மட்டும் கூடாது. இதை எல்லோருக்குமாகக் கூறுகிறேன். டைல்ஸ் ஒட்டி முடித்தவுடன் சிமெண்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவது நம் ஊர் வழக்கம். ஊற்றிய இடம் தரைதான் என்றாலும் அதன் ஆவி மூடிய குளியலறையில் எழும்பி, புத்தம்புதுக் குரோம் குழாயிலும் 304 கீலிலும் பொட்டுப் பொட்டாகப் பழுப்பு விழச் செய்யும். அதன் பிறகு எந்தக் கம்பெனியும் வாரண்டி தராது. அந்தக் கழுவலை முடித்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, இரண்டு நாள் சன்னலைத் திறந்து வைத்த பிறகே உலோகப் பொருளை அட்டைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): தரைத்தள வீடு, மொட்டை மாடியில் தொட்டி. பெரிய மழைச்சாரல் ஷவர் வைக்கலாமா?

பதில்: தொட்டியின் நீர்மட்டம் ஷவரைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் வீட்டில் அந்த உயரம் 2 மீட்டர் இருக்கலாம், அதாவது 0.2 பார். அகன்ற ஷவருக்கு அது போதாது. சாரலுக்குப் பதில் சொட்டுத்தான் வரும். தொட்டியின் வெளிவாயில் சிறிய பிரஷர் பம்ப் வையுங்கள், அல்லது குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த சிறிய ஷவரை எடுங்கள்.

கேள்வி (அம்மாப்பேட்டை): கீல் வாங்கப் போனால் 0, 8, 16 கிராங்க் (கீலின் கையிலுள்ள வளைவு) என்கிறார்கள். எது வேண்டும்?

பதில்: கதவு பக்கப்பலகையை முழுவதும் மூடினால் 0, ஒரே பக்கப்பலகையை இரண்டு கதவுகள் பகிர்ந்துகொண்டால் 8, கதவு சட்டத்துக்குள் அடங்கினால் 16. ஒரு கதவுக்குக் கீல்களின் எண்ணிக்கை, 900 மி.மீ. உயரம் வரை இரண்டு, 1,600 வரை மூன்று, 2,000 வரை நான்கு. டிராயருக்கு டெலஸ்கோப்பிக் சேனல் என்றால் ஆசாரி பெட்டி செய்வதற்கு முன்பே சேனலைக் கொடுத்துவிடுங்கள்; இருபுறமும் 13 மி.மீ. இடைவெளி விட்டுச் செய்யாவிட்டால் டிராயர் இறுகும் அல்லது ஆடும்.

கேள்வி (குகை): வயதான அம்மாவுக்காகக் கழிப்பறையில் பிடிகம்பி வைக்கவேண்டும். உறிஞ்சி ஒட்டும் வகை போதுமா?

பதில்: போதாது, முழு எடையையும் தாங்கவேண்டிய பொருள் அது. சுமார் 35 மி.மீ. கனமுள்ள 304 கம்பியை, டைல்ஸையும் பூச்சையும் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கும் நீளமான ஆங்கரால் (சுவருக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) பொருத்துங்கள். சுவர் ஏ.ஏ.சி. கல்லாக (நுண்துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) இருந்தால் அதற்கென்று உள்ள ஆங்கர் வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அம்மாவை அங்கே ஒரு நாற்காலியில் உட்காரச் செய்து, எழும்போது கை இயல்பாகப் போகும் உயரத்தைச் சுவரில் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் குழாய் லைன் வராதபடி பிளம்பரிடம் கூறிவிடுங்கள்.