வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள்: எதை, யாரிடம் சொல்லலாம்? (கேள்வி பதில்)

வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஹோம் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். பேச்சு, ரகசியம் இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

டூட்டி மாறும்போது "நல்லா இருக்கார்"னு சொல்லிட்டுக் கிளம்பறோம். போதாதா சிஸ்டர்?

போதாதும்மா. கடைசியாக எப்போது சாப்பிட்டார், சிறுநீர் எவ்வளவு போனது, எந்த மாத்திரை கொடுத்தாச்சு, எது பாக்கி, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தீர்கள், இன்று புதிதாக என்ன தெரிந்தது? இத்தனையும் நோட்டில் இருக்க வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும். இன்சுலின் அளவை '8 யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். எண்ணோடு ஆங்கில 'யூ' எழுத்தை ஒட்டி எழுதினால் அது சுழியாகத் தெரிந்து 80 ஆகிவிடும். டாக்டர் போனில் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். இந்தப் பேச்செல்லாம் அறைக்குள்தான். லிஃப்டில், வாட்ச்மேன் பக்கத்தில் வேண்டாம்.

பாட்டியின் பிறந்தநாள் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கலாமா?

கூடாது. பாட்டி சிரித்துக்கொண்டே சரி என்றாலும் கூடாது. பின்னால் மருந்து டப்பாவும் யூரின் பையும் தெரியும்.

நோயாளி சாப்பிடும் மாத்திரையைப் பார்த்து எச்ஐவி என்று தெரிந்துகொண்டேன். அடுத்த டூட்டிக்கு வரும் பெண்ணிடம் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல், வேலையில் தெரிந்துகொண்ட அவருடைய எச்ஐவி நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ரத்தம் படக்கூடிய வேலை என்றால் எல்லா வீட்டிலும் கையுறை போட வேண்டும், இவர் வீட்டில் மட்டும் அல்ல. ஊசி குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

ஐயா பாத்ரூமில் விழுந்துட்டார். "பையன்கிட்ட சொல்லாதே"ங்கறார்.

சொல்லித்தான் ஆக வேண்டும் தம்பி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால் உள்ளே கசிவது பிறகுதான் தெரியவரும். அதனால் முதல் போன் டாக்டருக்கு. "சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், முதுகுக்குப் பின்னாலும் சொல்லாதீர்கள். "ஐயா, இதை மறைக்க முடியாது. நீங்களே பேசுறீங்களா? நான் பக்கத்துல இருக்கேன்" என்று கேளுங்கள்.

(இதைப் படித்த ஒரு மகன்) சம்பளம் தருவது நான். அப்பா யாருடன் பேசுகிறார், கோயிலுக்கு எவ்வளவு போட்டார், எல்லாம் எனக்குத் தெரிய வேண்டாமா?

வேண்டாம். பார்த்துக்கொள்ளத்தான் ஆள் வைத்தீர்கள், வேவு பார்க்க இல்லை. அறிவு தெளிவாக இருக்கும் மனிதரின் பேச்சும் பணமும் அவருடையது.

வயசானா குழந்தை மாதிரிதானே சிஸ்டர்?

இல்லை. இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மறதி நோய் முற்றி முடிவெடுக்க முடியாத நிலை என்றால் பேச்சு வேறு. அப்போதும் தேவைப்படும் அளவுக்குத்தான் சொல்வோம்.

(அதே மகன்) யாராவது ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினால்?

இது சரியான கேள்வி. உயிருக்கோ உடம்புக்கோ சொத்துக்கோ ஆபத்து என்றால் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம்கூட (2017) ரகசியம் நோயாளியின் உரிமை என்று சொல்லிவிட்டு, உயிருக்கு ஆபத்து என்றால் விலக்குத் தருகிறது. ஆனால் மிரட்டிக் கையெழுத்து வாங்குபவர் மகனாகவே இருந்தால் பார்த்துக்கொள்பவர்கள் யாரிடம் சொல்வது? ஏஜென்சி மேற்பார்வையாளரிடம். அங்கே கேட்கவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567. கோபப்படாதீர்கள் தம்பி, உங்களைச் சொல்லவில்லை.

படுக்கைப்புண்ணைப் படம் எடுத்து அனுப்பலாமா?

மறுபடி போட்டோ! டாக்டர் கேட்டால், நோயாளி சம்மதித்தால், முகம் தெரியாமல், டாக்டருக்கு மட்டும். அனுப்பியதும் அழித்துவிடுங்கள். 'குடும்பம்' குரூப்பில் போடாதீர்கள்.

முகம் மறைத்தால் ஸ்டேட்டஸில்...?

மேலே ஸ்டேட்டஸ் பற்றிச் சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

தாத்தாவுக்குக் காது கேட்கவில்லை, கத்திக் கத்தித் தொண்டை போச்சு.

கத்தாதீர்கள். வயதானால் கீச்சுக்குரல்தான் முதலில் கேட்காமல் போகும். டிவியை அணைத்துவிட்டு, எதிரே வெளிச்சத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் நிதானமாகப் பேசுங்கள். காதுக்கருவியில் பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏஜென்சி இரண்டு மாதச் சம்பளம் தரவில்லை.

தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். மனுவில் நோயாளியின் வியாதியை எழுத வேண்டாம், வேலை பார்த்த தேதிகள் போதும்.